ஆடு வாங்குவதற்கு முன்: பெங்களூரைச் சுற்றி மேய்ச்சல் நிலம் தொடங்குவோருக்கு

தொட்டபள்ளாபுரம், மாகடி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் வாங்கிய நம் ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை ஆடு விடலாம் சார்?" கர்நாடகத்தில் 2020-இல் நிலச் சட்டம் மாறி, விவசாயக் குடும்பத்தில் பிறக்காதவரும் விவசாய நிலம் வாங்கலாம் என்று ஆனபின் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. என்னிடம் ஒரு எண் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த எண் என்னிடம் இல்லை, அவர்கள் நிலத்தில் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது காங்கேயத்துக்குப் பக்கம். எங்கள் வீட்டில் வயலும் இருந்தது, கொறங்காடும் இருந்தது. கொறங்காடு என்றால் கிளுவை முள் வேலி போட்டு, நடுவில் வெள்வேல் மரங்களை நிற்கவிட்டு, கீழே கொழுக்கட்டைப் புல் வளர்த்து மேய்க்கும் காடு. அப்பா வயலுக்குக் காட்டிய அக்கறையை அதற்கும் காட்டுவார். நான் வேலைக்காகப் பெங்களூர் வந்து ஜாலஹள்ளியில் குடியேறி, பல வருடம் கழித்து ஐந்து ஏக்கர் வாங்கியபோது அதையெல்லாம் மறந்துவிட்டிருந்தேன். முதல் மழை விழுந்த வாரத்திலேயே இருபத்திரண்டு வெள்ளாடுகளை உள்ளே விட்டேன். அடுத்த கோடையில் நிலம் முழுக்க ஆவாரையும் பார்த்தீனியமும்தான். நல்ல புல்லின் தூர்கூட மிஞ்சவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர நான்கு மழைக்காலம் ஆனது. அந்த நான்கு வருடத்தில் கற்றுக்கொண்டதையே கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெசரகட்டாவுக்குப் போங்கள்

நல்ல புல்வெளி எப்படி இருக்கும் என்று பார்க்காதவருக்குக் கெட்டுப்போன புல்வெளி கண்ணில் படாது. பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. நகரத்துக்கு வடமேற்கே, 1894-இல் அர்க்காவதி ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய ஹெசரகட்டா ஏரியை ஒட்டி, சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் பெரிய புல்வெளி இருக்கிறது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வரும் அந்தப் பகுதியைப் பாதுகாப்புக் காப்பிடமாக்க மாநில வனவிலங்கு வாரியம் 2024-இல் ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஒரு காலைப்பொழுது போதும். காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வானம்பாடியும் நெட்டைக்காலியும் தரையில்தான் கூடு கட்டும், டயர் ஏறினால் முட்டை போய்விடும்.

"இது வெறும் தரிசுதானே, மரம் நட்டால் நன்றாக இருக்குமே" என்று உடன் வருகிறவர்கள் சொல்வார்கள். அரசு ஆவணங்களே இப்படிப்பட்ட நிலத்தைப் பல காலமாகத் தரிசுக் கணக்கில்தான் எழுதிவந்தன. ஆனால் புல்வெளி என்பது காடாக மாறத் தவறிய இடமல்ல. மண்ணின் ஆழம், மழையின் அளவு, மேயும் விலங்கு, அவ்வப்போது வரும் தீ எல்லாம் சேர்ந்து உருவாக்கிய தனி வகை நிலம் அது. இந்த ஊரில் அதற்குப் பெயரே உண்டு. ஜரகபண்டே காவல் போல 'காவல்' என்று முடியும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். காவல் என்றால் மேய்ச்சலுக்கென்று ஒதுக்கிக் காத்துவந்த புல்நிலம். மைசூர் அரசின் அமிர்தமகால் மாடுகளுக்கு இப்படிப் பல காவல்கள் இருந்தன. மழைக்காலக் காவல், குளிர்காலக் காவல், கோடைக் காவல் என்று பருவத்துக்கு ஏற்பப் பிரித்து, மந்தையை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓட்டினார்கள். கடைசியில் நாம் வந்து சேரப்போவதும் அந்த ஏற்பாட்டிடம்தான்.

அங்கே நிற்கும்போது கீழே குனிந்து பாருங்கள். எல்லாம் பச்சையாகத் தெரிந்தாலும் எல்லாம் புல் அல்ல. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டுங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் பெரும்பாலும் அது கோரை. உருண்டையாக, கணுவோடு இருந்தால் புல். இலை மூன்று மூன்றாகவோ சிறகு போலவோ இருந்து, காய் அவரை மாதிரி இருந்தால் பயறு வகை. பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியலாம். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பவை அந்த முடிச்சுகள். செப்பு நெருஞ்சி தரையோடு படர்ந்து கிடக்கும். மிதித்துவிட்டுப் போகாதீர்கள், செம்மறிக்கு அது நல்ல தீனி.

புல்லில் ஐந்தாறு முகங்களைப் பழகிக்கொண்டால் போதும். அருகம்புல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கே.ஆர். மார்க்கெட்டில் பிள்ளையாருக்குக் கட்டுக்கட்டாக விற்கும் அதே கரிகே ஹுல்லுதான். கடித்தாலும் மிதித்தாலும் தாங்கும், ஆனால் எடை தராது. கொழுக்கட்டைப் புல்லின் கதிர் நரிவால் போல மென்மயிரோடு இருக்கும். தூர் பிடித்துப் பல ஆண்டு நிற்கும், வறட்சியைத் தாங்கும். மார்வல் புல்லை அடையாளம் காண்பது எளிது: கணுவைச் சுற்றி வெள்ளை முடியில் ஒரு மோதிரம் போட்டிருக்கும். ஊசிப்புல் பூக்கும் வரை நல்ல தீவனம், விதை முற்றியதும் அதன் ஊசி செம்மறியின் ரோமத்தில் ஏறித் தோலைக் குத்தும். துடைப்பப்புல்லை நுனியில் மூன்றாகப் பிரியும் நூல்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மாடு அதை வேறு வழியில்லாமல்தான் தின்னும். கசக்கினால் எலுமிச்சை போல மணக்கும் வாசனைப் புற்களையும் முற்றினபின் ஒதுக்கிவிடும்.

இரண்டாம் படி: புல்லுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

செடிகளும் மரங்களும் நுனியில் வளர்கின்றன, நுனியைக் கிள்ளினால் சற்று நிற்கும். புல்லின் குருத்து அடியில், மண்ணை ஒட்டி, தூருக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் மேய்ந்தபின்னும் அது எழுகிறது. ஆனால் அதற்குக் கொஞ்சம் இலை மிச்சம் வேண்டும், இலைதான் அதற்குச் சமையலறை. இலை முழுவதும் போனால் வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்துவைத்ததைச் செலவழித்துத்தான் புது இலை விட வேண்டும். அந்தப் புது இலையையும் பத்தாம் நாள் ஆடு கடித்தால் சேமிப்பு தீர்ந்துவிடும்.

இதை அமெரிக்காவில் கிரைடர் என்பவர் புல்லை வெட்டி வெட்டி வேரைப் பார்த்துச் சோதித்து 1955-இல் வெளியிட்டார். இலையில் பாதியை எடுத்தால் வேர் வளர்ச்சி ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. எழுபது சதவீதம் எடுத்தபோது பெரும்பாலான வேர்கள் நின்றன. எண்பது சதவீதம் எடுத்தபோது எல்லா வேர்களும் வளர்வதை நிறுத்தி, பல நாள் அப்படியே கிடந்தன. "பாதி எடு, பாதி விடு" என்று மேய்ச்சல்காரர்கள் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. வேர் நின்றுபோன புல் அடுத்த வறட்சியில் சாகும். மேலே பார்த்தால் வெயில் கொன்றது போலத் தெரியும், உண்மையில் ஆடு கொன்றது ஜூலையிலேயே.

ஒரு நிலத்தில் எல்லாப் புல்லும் ஒரே மாதிரி அடிவாங்குவதில்லை. மேய்ச்சல் கூடக் கூட, ருசியான பல்லாண்டுப் புற்கள் குறையும். ருசி குறைந்தவையும் தரையோடு படர்பவையும் கூடும். கடைசியில் முன்பு அங்கே இல்லாதவை புகும். குறைபவை, கூடுபவை, புகுபவை என்று இந்த மூன்று கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்த நிலத்தின் கதையையும் படிக்கலாம். நம் பக்கத்தில் கொழுக்கட்டையும் மார்வலும் குறைபவை. அருகும் துடைப்பப்புல்லும் கூடுபவை. ஆவாரையும் எருக்கும் பரவினால் ஆடு நெடுநாளாக அவற்றைத் தொடாமல் மற்றதையெல்லாம் தின்று முடித்திருக்கிறது என்று பொருள். பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் புகுபவை.

விலங்கும் ஒரே மாதிரி மேய்வதில்லை. மாடு நாக்கால் சுற்றிப் பிடித்து இழுக்கும், அதனால் மிகக் குட்டையான புல்லை அதனால் எடுக்க முடியாது. செம்மறி உதட்டால் ஒதுக்கித் தரையோடு கடிக்கும். வெள்ளாடு முடிந்தால் தலையைத் தூக்கித் தழையைத்தான் தேடும். புதர் அதிகமுள்ள நிலத்துக்கு வெள்ளாடு, புல் மட்டுமுள்ள நிலத்துக்கு மாடோ செம்மறியோ என்று யோசியுங்கள். வெறும் புல்வெளியில் வெள்ளாட்டை அடைத்தால் ஆட்டுக்கும் திருப்தி இருக்காது, குடற்புழுவும் ஏறும்.

மூன்றாம் படி: நூறு அடி நடங்கள்

நிலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலையை நோக்கி நூறு காலடி வையுங்கள். ஒவ்வொரு எட்டிலும் செருப்பின் நுனி எதைத் தொடுகிறது என்று நோட்டில் கோடு போடுங்கள்: வெறும் மண், சருகு, தூருள்ள பல்லாண்டுப் புல், மற்றவை. இது பல்லாண்டுப் புல்லா ஓராண்டுப் புல்லா என்று சந்தேகம் வந்தால் இழுத்துப் பாருங்கள். ஓராண்டுப் புல் மெல்லிய வேரோடு சுலபமாகக் கையில் வரும். பல்லாண்டுப் புல் வராது, அடியில் போன வருடத்துக் காய்ந்த தாள் கெட்டியாக இருக்கும்.

நூறில் ஐம்பதுக்கு மேல் வெறும் மண் என்றால் முதல் மழைக்காலம் முழுக்க ஒரு ஆடும் வேண்டாம் என்பது என் முடிவு. நம் செம்மண் மேலே ஏடு கட்டிக்கொள்ளும். மழைத்துளி நேராக அடித்தால் மண்துகள்கள் துளையை அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். பெங்களூரில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எங்கள் காங்கேயத்தில் அவ்வளவு கிடையாது. ஆனாலும் கட்டாந்தரையாகப் போன ஐந்து ஏக்கரில் அந்த மழை பக்கத்து ஓடைக்குத்தான் போகும். புல்லும் சருகும் மூடியிருக்கும் இடத்தில் அதே மழை வேருக்கு இறங்கும்.

நான்காம் படி: புல்லை எடை போடுங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு பிவிசி குழாய்களைச் சதுரமாக மாட்டி ஒரு சட்டம் செய்யுங்கள். ஓர் அரிவாள், சில துணிப்பைகள், சமையலறைத் தராசு வேண்டும். செப்டம்பர் கடைசியில் புல் நன்றாக நிற்கும்போது, கண்ணைத் திருப்பிக்கொண்டு சட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் இருக்கும் தின்னக்கூடிய புல்லை மட்டும் தரைக்கு ஒரு விரல் விட்டு அறுத்துப் பையில் கட்டுங்கள். கோரை, ஆவாரை, பார்த்தீனியம் வேண்டாம். இப்படிப் பத்துப் பதினைந்து இடம். நன்றாக இருக்கும் இடத்தில் போட வேண்டும் என்று கை இழுக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மொட்டைத் திட்டில் விழுந்தால் அதற்குப் பூஜ்யம் எழுதுங்கள்.

பைகளை வெயிலில் காயப்போட்டுத் தினமும் எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றால் அதுதான் உலர் எடை. பச்சைப் புல்லில் முக்கால் பாகம் தண்ணீர், அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம்.

இப்போது ஒரு உதாரணம். சராசரியாகச் சதுர மீட்டருக்கு 150 கிராம் உலர் புல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். ஏக்கருக்கு 600 கிலோ, ஐந்து ஏக்கருக்கு 3,000 கிலோ. பாதியைப் புல்லுக்கே விட வேண்டும், மீதி 1,500. அந்த மீதியிலும் மிதிபடுவது, புழுக்கையும் மூத்திரமும் பட்டு ஒதுக்கப்படுவது, கரையானும் வெட்டுக்கிளியும் தின்பது என்று ஏறக்குறைய பாதி போகும். ஆட்டின் வாய்க்குப் போவது 750 கிலோ. இருபத்தைந்து கிலோ வெள்ளாடு ஒன்று தன் எடையில் மூன்று முதல் நான்கு சதவீதம் உலர் தீவனம் தின்னும், சுமார் 0.9 கிலோ என்று கொள்ளலாம். பத்து ஆட்டுக்கு நாளுக்கு 9 கிலோ. 750-ஐ 9-ஆல் வகுத்தால் 83 நாள்.

ஐந்து ஏக்கர், பத்து ஆடு, எண்பத்து மூன்று நாள். இந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்கு முகம் வாடிவிடும். இது ஒரு தடவை நின்ற புல்லின் கணக்குத்தான். மழைக்காலத்தில் மேய்ந்த இடம் திரும்பத் தழைக்கும், மரத்தழை வேறு இருக்கிறது. ஆனாலும் மேய்ச்சல் மட்டுமே வருடம் முழுக்கச் சோறு போடும் என்று நம்பி ஐம்பது ஆடு வாங்கக் கூடாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. மாடு வைக்க நினைப்பவர்கள், 300 கிலோ மாடு நாளுக்கு ஏழரைக் கிலோ உலர் தீவனம் தின்னும் என்று வைத்துக் கணக்குப் பண்ணுங்கள்.

குறையும் தீவனத்துக்குத் தண்ணீர் வசதி இருந்தால் எட்டுக் குண்டேயில், அதாவது இருபது சென்ட்டில், கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணை நடுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 375 முதல் 400 டன் பச்சைத் தீவனம் என்று சொல்லும். அது முழுத் தண்ணீரும் முழு எருவும் கொடுத்து எடுத்த விளைச்சல். நான் பாதியைத்தான் நம்புவேன். பாதி என்றாலே இருபது சென்ட்டில் வருடத்துக்கு 15 டன், பத்து ஆட்டுக்குப் பசுந்தீவனம் தாராளம். வேலியோரம் வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா. சவுண்டல் வைக்கலாம், ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். அதிலுள்ள மைமோசின் என்ற பொருள் அதிகமானால் முடி உதிரும்.

ஐந்தாம் படி: நிலத்தைப் பிரித்து மந்தையை நகர்த்துங்கள்

புல்லைக் கெடுப்பது ஆட்டின் எண்ணிக்கை மட்டுமல்ல, அது ஓரிடத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்பதும்தான். பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வுவாசான் 1950களில் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார். மூன்று ஆடுதான் விட்டிருக்கிறேன் என்று சொல்வார்கள். அந்த மூன்றும் தினமும் தேடிப் போய், தனக்குப் பிடித்த அதே தூரின் புதுக் குருத்தையே கடிக்கும். நிலம் பூராவும் புல் நிற்கும், நல்ல புல் மட்டும் செத்துக்கொண்டிருக்கும்.

அதனால் துண்டு போடுங்கள். எத்தனை துண்டு என்பதற்குக் கணக்கு எளிது: ஓய்வு நாளை மேய்ச்சல் நாளால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கத்துப் புல்லுக்கு 35 நாள் ஓய்வும், ஒரு துண்டில் 5 நாள் மேய்ச்சலும் என்றால் எட்டுத் துண்டு. ஐந்து ஏக்கரை எட்டாகப் பிரிக்கக் கம்பி வேலி கட்டினால் செலவு தாங்காது. மின்வேலி வலை போடலாம், அல்லது ஓர் ஆள் கூடவே நின்று மேய்க்கலாம். நான் ஓரத்தில் கிளுவைக் கொம்பு ஊன்றியிருக்கிறேன். மழைக்கு முன் ஊன்றினால் தானே வேர் பிடிக்கும். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கட்டாகக் கொண்டுவந்தது. மெஜஸ்டிக்கில் இறங்கியபோது போர்ட்டர் அண்ணன் ஒருவர் தொட்டுப் பார்த்து, "கிளுவையா அண்ணே, எங்க தாராபுரத்துல இதான் வேலி" என்றார். அவரும் நானும் பத்து நிமிடம் கொறங்காட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் அப்பா நாளைக் கணக்கு வைத்து மாட்டை மாற்றவில்லை, உயரத்தைப் பார்த்தார். தூர்ப்புல் ஒரு சாண் வளர்ந்தபின் படலைத் திறப்பார். நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் "இனி காடு தூங்கட்டும்" என்று படலைச் சாத்திவிடுவார். துண்டு எண்ணிக்கை ஒரு திட்டம்தான், ஓட்டுவதும் நிறுத்துவதும் புல்லின் உயரம். மழை நன்றாக இருந்தால் 25 நாளில் சாண் வளர்ந்துவிடும், மழை தவறினால் 60 நாள் ஆனாலும் வளராது. வளராத புல்லுக்கு முன் நாட்காட்டியைக் காட்டிப் பயனில்லை.

நாலு விரலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும் வயிற்றுப்புழுவின் முட்டை புழுக்கையோடு தரைக்கு வந்து, வெப்பமும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வளரும். அந்தக் குஞ்சுப்புழு பனி ஈரத்தில் புல்லின் அடிப்பாகத்தில் ஏறி நிற்கும். அதனால் ஐந்து நாளுக்குள் இடம் மாற்றுவதும், தரையோடு கடிக்க விடாததும், பனி காயும் முன் காலையில் விடாததும் சேர்ந்து மருந்துச் செலவில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்ளே பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும்.

தண்ணீர்த் தொட்டியை ஒரே இடத்தில் நிரந்தரமாக வைக்காதீர்கள். தொட்டியைச் சுற்றி மேய்ந்து மிதித்து ஒரு வட்டமே மொட்டையாகும். பிளாஸ்டிக் டப்பும் நீளக் குழாயும் இருந்தால் துண்டுக்குத் துண்டு நகர்த்தலாம். உப்புக்கட்டியைத் தண்ணீரிலிருந்து எட்டத்தில், ஆடு அதிகம் போகாத மூலையில் வையுங்கள், அந்தப் பக்கமும் மேயும்.

ஆறாம் படி: மழையோடு சேர்ந்து நடங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் மாங்காய் மழை விழுந்ததும் நிலம் ஒரே வாரத்தில் பச்சையாகும். வருடத்திலேயே மிக ஆபத்தான நேரம் இதுதான். கோடை முழுக்கக் காய்ந்ததைத் தின்ற ஆடு அந்தப் பச்சையைப் பார்த்ததும் பறக்கும், நமக்கும் மனம் கேட்காது. ஆனால் அப்போது புல் தன் கடைசிச் சேமிப்பைச் செலவழித்து அந்த இலையை விட்டிருக்கிறது. ஒரு சாண் வரும் வரை பட்டியிலேயே வைத்து உலர் தீவனம் கொடுங்கள். இளம்புல்லை வயிறு முட்டத் தின்றால் துள்ளுமாரி நோய் வரும், காலையில் துள்ளிக் குதித்த ஆடு மாலையில் கிடக்கும். மழைக்கு முன்பே அதற்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

ஜூனிலிருந்து துண்டு மாற்றி மேய்க்கத் தொடங்குங்கள். பெங்களூரில் மழை செப்டம்பர், அக்டோபரில்தான் உச்சம், புல்லும் அப்போதுதான் பூக்கும். பூக்கும் தருணத்தில் இரண்டு துண்டுகளை அறுத்து உலர்த்திப் போர் போடுங்கள். விதை முற்றும்வரை காத்திருந்தால் வைக்கோல்தான் மிஞ்சும். பூக்கும்போது ஏழெட்டு சதவீதம் இருக்கும் புரதம், காய்ந்து நின்றபின் மூன்று நான்குக்கு இறங்கிவிடும். ஏழுக்குக் கீழே போனால் அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். ஜனவரிக்குப் பிறகு ஆடு வயிறு நிறைய மேய்ந்தும் இளைக்கிறதே என்று குழம்புவோருக்கு விடை இது. அப்போது தேவை இன்னும் அதிகப் புல் அல்ல, ஒரு கைப்பிடிப் புண்ணாக்கும் அகத்தி, கிளைரிசிடியா தழையும்தான். வெள்வேல் மரம் இருந்தால் கோடையில் அதன் காய் உதிரும், அதைவிட மலிவான புரதம் கிடையாது.

எட்டுத் துண்டில் ஒன்றை ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை தொடாதீர்கள். விதை முற்றி, மண்ணில் விழட்டும். அடுத்த வருடம் வேறு துண்டு. எட்டு வருடத்தில் நிலம் முழுதும் ஒரு முறை விதை போட்டிருக்கும்.

பிப்ரவரி, மார்ச்சில் யாராவது வந்து, "தீ வெச்சா புல்லு நல்லா வரும்" என்பார். புல்வெளிக்குத் தீ புதிதல்ல. ஆனால் வருடாவருடம் வைத்தால் சருகு மூடி போய் மண் ஏடு கட்டும். சிறிய நிலத்தில் எனக்கு அது வேண்டாம்.

ஏழாம் படி: வேண்டாத செடிகள்

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் நமக்கு வரும், தின்ற மாட்டின் பால் கசக்கும். புனேயில் 1955-இல் கண்டறிந்த இந்தச் செடி நாடு முழுக்கப் பரவியது. மெக்சிகோவிலிருந்து அதன் இலையைத் தின்னும் ஒரு வண்டைக் கொண்டுவந்து, 1984-இல் முதலில் விட்டது இந்தப் பெங்களூரில்தான். மழைக்காலத்தில் பார்த்தீனியத்தின் மேல் மங்கிய வெள்ளை முதுகில் கரும்பழுப்புக் கோடு போட்ட சிறு வண்டைப் பார்த்தால் மருந்தடிக்காதீர்கள், அது நம் வேலையைச் செய்கிறது. ஆனால் வண்டு மட்டுமே நிலத்தைச் சுத்தம் செய்துவிடாது. காலியான இடத்தில் புல் வந்து நின்றால்தான் பார்த்தீனியம் திரும்ப வராது.

உண்ணிச்செடி கல்லீரலைக் கெடுக்கும், தின்ற மாட்டுக்கு வெயில் பட்டாலே தோல் வெந்து உரியும். பசியில்லாத மாடு அதைத் தொடாது, அதனால் ஓட்டிவந்த புது மாட்டைப் பசியோடு விடாதீர்கள். சீமைக்கருவேலத்தின் காய் இனிக்கும், ஆடு தின்று விதையைப் புழுக்கையில் ஊர் முழுக்க விதைக்கும். வாடிய இளஞ்சோளத்தில் உயிரைக் கொல்லும் நஞ்சு உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் மழை தவறிய சோளம் நின்றால் ஆடு வேலி தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரளி, ஆமணக்கு, ஊமத்தை வேலியோரம் வேண்டாம்.

எட்டாம் படி: புல் இல்லாத இடத்தில் விதைப்பது

உழுது புரட்டத் தேவையில்லை. மொட்டைத் திட்டில் மண்வெட்டியால் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் சிறு கரை எடுத்து, முட்செடி ஒன்றை வெட்டிப் போட்டால் தண்ணீரும் சருகும் விதையும் அங்கே தங்கும். கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சு போல இருக்கும், காற்றில் பறந்துவிடும். செம்மண்ணும் சாணமும் குழைத்துச் சிறு உருண்டைகளாக்கி முதல் மழைக்கு முன் தூவுங்கள். அறுத்த உடனே விதைத்தால் முளைக்காது, அந்த விதை ஆறு எட்டு மாதம் உறங்க வேண்டும். முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடிக்கு விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி சுடுநீரில் நாலைந்து நிமிடம் போட்டெடுத்து, ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தால் ஒழுங்காக முளைக்கும். இரண்டையும் ஆழமாகப் புதைக்கக் கூடாது. விதைத்த இடத்தில் முதல் வருடம் மேய்ச்சல் இல்லை.

விதைக்கும் ஆலோசனைக்கும் பெல்லாரி சாலையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்துக்குப் போங்கள். அங்கே வருடந்தோறும் நடக்கும் கிருஷி மேளாவில் தீவன விதைக் கடைகளும் இருக்கும். ஓசூர்ப் பக்கம் நிலமிருந்தால் மத்திகிரி அரசுக் கால்நடைப் பண்ணை. ஜான்சியில் 1962 முதல் இயங்கும் இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தார்வாடில் தென்மண்டல நிலையம் இருக்கிறது. தாது உப்புக் கலவை பற்றி ஆடுகோடியில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனத்தில் கேட்கலாம்.

அக்கம்பக்கத்து மேய்ப்பர்கள்

நீங்கள் வாங்கிய நிலத்தில் நேற்று வரை யாரோ மேய்த்துக்கொண்டிருந்தார்கள். வேலி போடும் முன் அவரைத் தேடிப் பேசுங்கள். நான் வேலி போட்ட முதல் வருடம் ஆடு மேய்க்கும் குருபர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். அவருடைய செம்மறிகள் கோடையில் வழக்கமாக வரும் வழி என் நிலம் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது மார்ச்சில் அவர் மந்தை வந்து என் நிலத்தில் மூன்று இரவு கிடை போட்டுவிட்டுப் போகும். எனக்கு எரு, அவருக்கு வழி. எந்த மூலையில் எந்தப் புல் முன்பு நின்றது என்று அவர் கைகாட்டிய இடங்களில்தான் நான் விதைத்தேன், அங்கெல்லாம் பிடித்தது.

கோமாளா என்னும் கிராமத்துப் பொது மேய்ச்சல் நிலத்தில் நம் ஆட்டை விடலாமா என்றும் கேட்பார்கள். கர்நாடக நில வருவாய் விதிகள் நூறு மாட்டுக்குப் பன்னிரண்டு எக்டேர் என்று கிராமத்து மாடுகளுக்கே கோமாளாவை ஒதுக்கின. பல ஊர்களில் இன்று அவ்வளவு மிஞ்சவும் இல்லை. நிலமில்லாதவர்களின் ஆடு மாடு நம்பியிருப்பது அதைத்தான். சொந்த நிலம் இருக்கும் நாம் அதில் பங்கு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் நுழையவே வேண்டாம்.

நோட்டு

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம். ஆடு உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, போகும்போதும் வரும்போதும் புல்லின் உயரம், அந்த வாரத்து மழை. நிலத்தின் நான்கு மூலையிலும் ஒரு கல் நட்டு, ஒவ்வொரு வருடமும் அக்டோபர் முதல் வாரத்தில் அதே கல்மேல் நின்று, அதே திசையில் செல்போனில் ஒரு படம் எடுங்கள். நூறு அடி நடையையும் அதே வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் முதல் வருடம் வெறும் மண் 61, பல்லாண்டுப் புல் 7. போன அக்டோபரில் வெறும் மண் 18, பல்லாண்டுப் புல் 46. இப்போது என்னிடம் இருப்பது ஒன்பது ஆடு. இன்னும் இரண்டு சேர்க்கலாமா என்று இந்தச் செப்டம்பரில் சட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.